இன், ஒன், அட்: எங்கே எது வரும்?

தமிழில் நமக்கு ஒரு ‘இல்’ போதும். கிளிநொச்சியில் இருக்கிறேன், ஏ9 வீதியில் போகிறேன், பரந்தன் சந்தியில் நிற்கிறேன். ஆங்கிலத்தில் இது மூன்றாகப் பிரியும்: இன் கிளிநொச்சி, ஒன் த ஏ9, அட் பரந்தன் ஜங்ஷன். ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். பட்டியல் போட்டுப் பாடமாக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பரீட்சை முடிந்த மறுநாள் பட்டியலும் போய்விடும். கீழே உள்ள ஒழுங்கில் யோசித்துப் பாருங்கள்.

படி 1: உள்ளேயா, மேலேயா, புள்ளியா?

இரணைமடுக் குளத்தை எடுப்போம். தண்ணீருக்குள் இறங்கி நீந்தினால் ‘இன் த டாங்க்’. தண்ணீர் உங்களைச் சுற்றி இருக்கிறது, அதனால் இன். குளக்கட்டில் நடந்தால் ‘ஒன் த பண்ட்’. கால் ஒரு பரப்பின் மேல் படுகிறது, அதனால் ஒன். எங்கே சந்திப்பது என்று நண்பனுக்குப் போனில் சொல்லும்போது ‘மீட் மீ அட் த டாங்க்’. அவன் குளக்கட்டில் நிற்கலாம், வான்கதவடியில் நிற்கலாம், மரநிழலில் குந்தியிருக்கலாம், உங்களுக்குக் கவலையில்லை. அந்த வசனத்தில் குளம் வெறும் அடையாளம், வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளிக்கு அட்.

(குளத்துக்கு ‘டாங்க்’ என்பது இலங்கை ஆங்கிலம். வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் கூரையில் வைக்கும் தண்ணீர்த் தாங்கியை நினைப்பார். அவருக்கு ‘ரெசர்வோயர்’ என்று சொல்லுங்கள்.)

படி 2: ஊருக்கு இன் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்

மாவட்டம், நகரம், கிராமம் எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்தான். ஆனால் முறிகண்டியைப் பாருங்கள். அங்கே வீடு இருக்கிறவர் ‘ஐ லிவ் இன் முறிகண்டி’ என்பார். யாழ்ப்பாணம் போகிற வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறுகிறவர் ‘வி ஸ்டொப்ட் அட் முறிகண்டி’ என்பார். அவருக்கு அது பயணத்தில் ஒரு தரிப்பிடம். ஊர் அதேதான், பார்க்கிற ஆள்தான் வேறு.

படி 3: வாகனம்

எழுந்து நின்று நடக்கக்கூடிய வாகனம் என்றால் ஒன்: ஒன் த பஸ், ஒன் த ட்ரெய்ன். குனிந்து உள்ளே புகுந்து இருக்க வேண்டியது என்றால் இன்: இன் த கார், இன் த ஆட்டோ. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறி இருப்பவை, ஆகவே ஒன். உழவு இயந்திரத்தை ஓட்டுகிறவர் ‘ஒன் த ட்ராக்டர்’, பின்னால் பெட்டிக்குள் நெல் மூட்டைகளோடு வருகிறவர்கள் ‘இன் த ட்ரெய்லர்’.

படி 4: நேரம்

மணிக்கு அட், கிழமைக்கும் திகதிக்கும் ஒன், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன். போர்க்காலத்தில் நின்றுபோன ரயில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்ததைச் சொல்வதென்றால் ‘இன் 2013’ அல்லது ‘இன் செப்டம்பர் 2013’. நாளையும் சேர்த்தால் ‘ஒன் 14 செப்டம்பர் 2013’. நாள் வந்ததுமே இன் ஒன்னாக மாறிவிடுகிறது, கவனியுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வரும்: ‘இன் வைகாசி’, ‘ஒன் அ மண்டே’.

காலையிலும் மாலையிலும் இன் த மோர்னிங், இன் தி ஈவினிங். இரவுக்கு மட்டும் அட் நைட். ஏன் என்று கேட்டால் ‘அப்படித்தான்’ என்பதைத் தவிர என்னிடம் நல்ல பதில் இல்லை. கிழமையும் சேர்ந்து வந்தால் கிழமைதான் வெல்லும்: ஒன் மண்டே மோர்னிங்.

படி 5: எதுவுமே வேண்டாத இடம்

பள்ளிக்கூடத்துக்கு எழுதும் லீவுக் கடிதங்களில் ‘ஒன் லாஸ்ட் மண்டே’ என்று அடிக்கடி காண்கிறேன். லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி இவற்றில் ஒன்று முன்னால் வந்தால் இன், ஒன், அட் எதுவும் தேவையில்லை. ‘லாஸ்ட் மண்டே’ என்று நிறுத்துங்கள்.

சரி, இப்போது நீங்களே இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: வவுனியா பஸ் நிலையத்தில் 6 மணிக்குச் சந்திப்போம். முல்லைத்தீவுக் கடற்கரையில் நடந்தோம். சனிக்கிழமை காலை அப்பா வயலில் நின்றார். அடுத்த வெள்ளி நான் வீட்டில் நிற்பேன்.

விடைகள்: அட் த பஸ் ஸ்டாண்ட், அட் சிக்ஸ். ஒன் த பீச். இன் த ஃபீல்ட், ஒன் சாட்டர்டே மோர்னிங். நெக்ஸ்ட் ஃப்ரைடே, அட் ஹோம். கடைசியில் ‘ஒன் நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்று எழுதியவர்கள் படி 5-ஐ இன்னொரு தரம் வாசியுங்கள்.