பாம்பையும் சுறாவையும் நேரில் கண்டால்: செய்யக் கூடாதவை

பாம்புக்கடியில் இரண்டு வகை உண்டு. இருட்டில் தெரியாமல் மிதித்து வாங்கிய கடி, விறகுக் குவியலுக்குள் கைவிட்டு வாங்கிய கடி, வயலில் குனிந்து வேலை செய்யும்போது வாங்கிய கடி ஆகியவை ஒரு வகை. பாம்பைக் கண்ணால் பார்த்து, விலகிப் போக நேரமும் இருந்த பிறகு வாங்கிய கடி இன்னொரு வகை. முதல் வகையை முழுவதுமாகத் தடுத்துவிட முடியாது. உழைத்துக்கொண்டிருந்தவரைக் குறைசொல்லவும் முடியாது. இரண்டாவது வகைதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தருகிறது. அதில் அநேகமாக எல்லாமே நடந்திருக்க வேண்டாதவை.

சுறாக்கடியிலும் இதே பிரிவு உண்டு. புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் சர்வதேசச் சுறாத் தாக்குதல் பதிவேடு, மனிதர்கள் சீண்டியதால் நேர்ந்த கடிகளைத் தனிக் கணக்காக வைக்கிறது. சுறாவைத் தொட்டது, தீனி கொடுத்தது, வலையிலிருந்து விடுவிக்கப் போனது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். சீண்டாமலே கடித்தவை என்று 2024ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உறுதியானவை 47 மட்டுமே. பாம்பின் கணக்கு முற்றிலும் வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது; 81,000 முதல் 1,38,000 பேர் வரை உயிரிழக்கிறார்கள். ஆகவே பாம்பைப் பற்றியே முதலில், கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

பார்த்த பிறகு நெருங்குவது

காட்டுப்பாதைகளில் நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் தவறு, செல்போனை நீட்டிக்கொண்டு பாம்பை நோக்கி நடப்பது. திரையில் பாம்பு சிறியதாகத் தெரிகிறது. இன்னும் ஓரடி போனால் படம் நன்றாக வரும் என்று தோன்றுகிறது. கண் திரையில் இருப்பதால் கால் எங்கே போகிறது என்பது கவனத்தில் இல்லை.

விரியன் வகைப் பாம்புகள் ஆளைக் கண்டு ஓடுவது குறைவு. சருகின் நிறத்தில் அசையாமல் கிடப்பதுதான் அவற்றின் பாதுகாப்பு. ஆள் வந்தும் நகராத பாம்பைச் சாதுவானது என்றோ, இரை விழுங்கி மயங்கிக் கிடக்கிறது என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். தள்ளி நின்று உற்றுப் பார்த்தால் உண்மை தெரியும். கழுத்து மடிந்து பின்னுக்கு இழுபட்டிருக்கும். தலை ஆடாது, நாக்கு மட்டும் வெளியே வந்து போகும். மூச்சு இழுக்கும்போது விலா புடைத்துப் புடைத்து அடங்கும். கண்ணாடி விரியனாக இருந்தால் குக்கரில் ஆவி பீறிடுவது போன்ற சீறல் கேட்கும். அதற்குமேல் ஓர் எச்சரிக்கை வராது.

பெரும்பாலான பாம்புகள் தங்கள் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எட்டிக் கடிக்கும். இதைச் சொல்லும்போதே ஒரு தயக்கம் வருகிறது, ஏனென்றால் சுருண்டு கிடக்கும் பாம்பின் நீளத்தைச் சரியாக ஊகிப்பவர்கள் மிகக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்க்காமல் மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நின்றுவிடுவது நல்லது. விஷத்தை உமிழும் நாக வகைகள் வாழும் பகுதியில் அந்தத் தூரமும் அவசியம். இரண்டு மீட்டருக்கு அப்பாலும் கண்ணைக் குறிவைத்து அவற்றால் பீய்ச்ச முடியும். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

பாம்பு காலடியிலேயே இருப்பது தெரிந்தால் துள்ளிக் குதிக்கக் கூடாது. அசைவுதான் அதைத் தூண்டுகிறது. மரம்போல் நின்றால் அதுவே போய்விடும். எட்டும் தூரத்துக்கு வெளியே இருந்தால் மெதுவாகப் பின்வாங்கினால் போதும். கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு நாலாபுறமும் வழியை அடைத்துவிட்டு, பிறகு அது சீறுகிறது என்று சொல்வதில் நியாயமில்லை.

அடிபட்ட பாம்பை விட்டுவிட்டால் தேடி வந்து பழிவாங்கும் என்ற நம்பிக்கை காலங்காலமாக இருக்கிறது. ஆள் அடையாளம் வைத்துப் பழிதீர்க்கும் திறன் பாம்புக்குக் கிடையாது. ஆனால் இந்த நம்பிக்கையால் கம்பை எடுத்துக்கொண்டு அதன் எட்டுக்குள் போனவர்கள் கடி வாங்கியிருக்கிறார்கள். செத்த பாம்பிலும் ஆபத்து இருக்கிறது. பாம்பின் நரம்புத் திசுக்கள் ஆக்சிஜன் இல்லாமலே நெடுநேரம் இயங்கக்கூடியவை. உடலிலிருந்து துண்டித்த தலை, ஒரு மணி நேரம் கழித்துக்கூட வாயில் பட்டதைக் கவ்வி விஷத்தைச் செலுத்தக்கூடும்.

அடையாளம் தெரியும் என்ற துணிச்சல்

விஷப் பாம்புக்குத் தலை முக்கோணமாக இருக்கும் என்ற விதியைப் பலர் நம்புகிறார்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் அப்படி இல்லை. மறுபக்கம், விஷமற்ற பாம்புகள் பல, மிரளும்போது தலையைத் தட்டையாக்கி முக்கோணம்போல் காட்டும். கட்டுவிரியனையும் விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனையும் பட்டைகளை வைத்துப் பிரித்துவிடலாம் என்பது புத்தகத்தில் எளிது. டார்ச் வெளிச்சத்தில் எளிதல்ல.

பழகியவர்களுக்கே இது தவறியிருக்கிறது. ஜோ ஸ்லோவின்ஸ்கி அமெரிக்காவின் மதிப்புமிக்க ஊர்வன ஆய்வாளர். 2001 செப்டம்பரில் மியான்மரின் தொலைதூர வடபகுதியில், விஷமற்ற பாம்பு என்று எண்ணிப் பைக்குள் கைவிட்டார். உள்ளே இருந்தது கட்டுவிரியன் இனக் குட்டி. விரலில் கடித்தது, வெளியே பெரிய காயம் எதுவும் இல்லை. சில மணி நேரத்தில் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து மூச்சு நின்றது. உடன் இருந்தவர்கள் வாயோடு வாய் வைத்து மணிக்கணக்கில் மூச்சுக் கொடுத்தார்கள். உதவி வந்து சேரவில்லை. மறுநாள் அவர் இறந்தார்.

கட்டுவிரியன் இந்த அளவுக்கு ஆபத்தானதாக இருப்பதற்கு அதன் கடி வலிக்காததும் ஒரு காரணம். தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கடித்தால் பல நேரங்களில் அவருக்கு விழிப்புகூட வராது. விடியும்போது வயிற்றுவலி, பிறகு இமையைத் தூக்க முடியாமை, பேச்சுக் குழறல். அஜீரணம் என்று நினைத்து இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரின் விலை. கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுவதும் இந்தக் கடியைத் தடுக்கும் எளிய வழிகள். இரவில் டார்ச் இல்லாமல், செருப்போ ஷூவோ இல்லாமல் நடக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கடித்த பிறகு

காயத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, சூடு போடுவது, பச்சிலை அரைத்துக் கட்டுவது எதுவும் விஷத்தை வெளியேற்றாது. பல்லின் வழியே உள்ளே போன விஷம் திசுக்களுக்குள் பரவிவிடுகிறது. கீறினால் கிடைப்பது நிற்காத ரத்தப்போக்கும் கிருமித் தொற்றும்தான். மந்திரித்தவுடன் பிழைத்தார் என்ற கதைகளுக்குக் காரணம், விஷமற்ற பாம்புகளின் கடியும், விஷப் பாம்பே விஷம் செலுத்தாமல் கடிக்கும் வெற்றுக் கடியும். அந்தப் பிழைப்பை நம்பி அடுத்தவரும் அதே இடத்துக்குப் போகிறார். அங்கேதான் உயிர் போகிறது.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். ரத்த ஓட்டம் நின்று, விஷம் ஓரிடத்தில் தேங்கித் தசையை அழிக்கிறது. கை கால்களை வெட்டி எடுக்கும் நிலை வருகிறது. ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்த்துவிடக் கூடாது. தேங்கியிருந்த விஷம் ஒரே நேரத்தில் உடலெங்கும் பாயும். அதை மருத்துவமனையில், மருத்துவர் முன்னால்தான் தளர்த்த வேண்டும். 1979இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஸ்ட்ரூவான் சதர்லாந்து அறிமுகப்படுத்திய அழுத்தக் கட்டு இதிலிருந்து வேறுபட்டது. அகலமான மீள்துணியை கை அல்லது கால் முழுவதும் சுற்றி, சிம்பு வைத்து அசையாமல் கட்டும் முறை அது. நரம்பைத் தாக்கும் விஷத்துக்கு அது பொருந்தும். கடித்த இடத்திலேயே வீங்கித் திசு அழியும் விரியன் கடிக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. எந்தப் பாம்பு என்று தெரியாதபோது, எலும்பு முறிந்த காலை எப்படி அசையாமல் வைப்போமோ அப்படிச் சிம்பு வைத்துவிட்டு விரைவாகப் புறப்படுவதே சரி. மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் மதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடக் கூடாது.

பாம்பைப் பிடித்துக்கொண்டு போனால்தான் மருத்துவம் பார்ப்பார்கள் என்று தேடிப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்ட சம்பவங்கள் உண்டு. மருத்துவர்களுக்குப் பாம்பு தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் ரத்தத்தைத் தாக்கும் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். இமை தொங்குகிறதா, மூச்சு திணறுகிறதா என்பதிலிருந்து நரம்பைத் தாக்கும் விஷமா என்பது தெரியும். தூரத்திலிருந்தே ஒரு படம் எடுக்க முடிந்தால் உதவும், முடியாவிட்டால் பாதகமில்லை.

“நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று காத்திருப்பது கடைசித் தவறு. கார்ல் ஷ்மிட் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் பல்லாண்டு பணியாற்றிய ஊர்வன அறிஞர். 1957 செப்டம்பரில், இனம் கண்டு சொல்லும்படி அவரிடம் வந்த பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க மரப்பாம்பின் குட்டியைக் கையில் எடுத்தார். கட்டைவிரலில் ஒரே ஒரு பல் பதிந்தது. ரயிலில் வீட்டுக்குப் போனார். குமட்டல், குளிர், ஈறில் ரத்தம் என்று நடப்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மறுநாள் காலை உணவு சாப்பிட்டார். அன்று மதியம் உயிர் போயிற்று. கடித்தது குட்டி, பதிந்தது ஒரு பல் என்ற எண்ணம் அவ்வளவு பெரிய அறிஞரையும் அமைதிப்படுத்தியிருந்தது. அறிகுறி இல்லாவிட்டாலும் விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனையில் ஒரு நாள் கண்காணிப்பில் இருந்தே தீர வேண்டும்.

தண்ணீரில்

கடல்பாம்பு நேராக நீந்தி வந்தால் முக்குளிப்பவர்கள் உதைத்துத் தள்ளுகிறார்கள், அல்லது வேகமாக விலகி நீந்துகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறைப் பகுதியில் ஆலிவ் கடல்பாம்புகளைக் கவனித்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விளக்கம் தந்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்புகள் மனிதரைப் பெண் பாம்பு என்று எண்ணி நெருங்குகின்றன. பெண் பாம்பு விலகி ஓடும், ஆண் துரத்தும். மனிதர் தப்பி நீந்தும்போதும் அதுவே நடக்கிறது. அசையாமல் இருந்து, அது நாக்கால் தடவிப் பார்த்துப் போக விட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

சுறாவிடமும் ஓட்டம் உதவாது. அதன் வேகத்தோடு எந்த மனிதரும் போட்டியிட முடியாது. தண்ணீரை அடித்துக்கொண்டு முதுகு காட்டி நீந்துவது, அடிபட்ட மீனின் துடிப்பைப்போல் அதற்குப் படும். சுறாவின் செவியும், உடலின் பக்கவாட்டில் நீரசைவை உணரும் பக்கக்கோடும் அந்த அதிர்வைப் பிடித்துவிடும். நிமிர்ந்த நிலையில் அதை நேராகப் பார்த்தபடி, அது சுற்றினால் நாமும் திரும்பி, மெதுவாகப் படகையோ கரையையோ நோக்கிப் பின்வாங்க வேண்டும்.

சாம்பல் பவளப்பாறைச் சுறா தாக்குவதற்கு முன் சொல்லிவிடும். முதுகை வளைக்கும், மூக்கை உயர்த்தும், மார்புத் துடுப்புகளைக் கீழே இறக்கும், உடலை இடமும் வலமும் மிகையாக ஆட்டி நீந்தும். 1970களில் டொனால்ட் நெல்சனும் அவரது சக ஆய்வாளரும் இதைப் பதிவுசெய்தார்கள். முக்குளிப்பவர் துரத்தி வரும்போதோ, வெளியேறும் வழியை அடைக்கும்போதோதான் இந்தத் தோற்றம் வருகிறது. இதைப் பார்த்த பிறகும் கேமராவை நீட்டிக்கொண்டு முன்னேறுவது, விரியன் முன்னால் செல்போனை நீட்டுவதற்குச் சமம். கடலடியில் படுத்துக் கிடக்கும் நர்ஸ் சுறாவின் வாலைப் பிடிப்பதும் அப்படித்தான். அது சிறிய வாயால் கவ்வினால் எளிதில் விடாது.

ஈட்டியால் பிடித்த மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தக் கூடாது. மிதவையில் கட்டி நீளக் கயிற்றில் தள்ளி இழுக்க வேண்டும். 1963இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்கா கடலில், ஈட்டி மீன்பிடிப் போட்டியின்போதுதான் ராட்னி ஃபாக்ஸை வெள்ளைச் சுறா கவ்வியது. பிழைத்த அவர் பின்னாளில் சுறாப் பாதுகாப்புக்காகவே உழைத்தார். கலங்கிய நீர், ஆற்று முகத்துவாரம், மீன் கூட்டத்தின் மீது பறவைகள் பாய்ந்து விழும் இடம், விடியலும் அந்தியும் தவிர்க்க வேண்டியவை. டால்பின் இருந்தால் சுறா வராது என்பதை நம்ப வேண்டாம். இரண்டும் ஒரே இரையைத் தேடி ஒரே இடத்துக்கு வரும். நன்னீரில் சுறா இல்லை என்பதும் தவறு. காளைச் சுறா ஆறுகளில் ஏறும். நிகராகுவா ஏரியிலும் வாழ்கிறது.

கவ்விவிட்டால் செத்ததுபோல் கிடப்பதில் பயனில்லை. கேமராவோ பலகையோ கையில் இருப்பதைக் கொண்டு கண்ணையும் செவுளையும் குறிவைத்துத் தாக்க வேண்டும். வெறுங்கையால் மூக்கில் குத்தப் போனால், தவறும் கை நேரே வாய்க்குள் போகும்.

கடிபட்டவர் கரைக்கு வந்ததும், பாம்புக்கடிக்குச் சொன்னதற்கு நேரெதிரானதைச் செய்ய வேண்டும். சுறாக்கடியில் உயிரைப் பறிப்பது ரத்த இழப்பு. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இங்கே கட்டு உயிர் காக்கும். 2003இல் ஹவாயில் 13 வயது பெதனி ஹாமில்டனின் இடது கையைப் புலிச் சுறா துண்டித்தபோது, உடன் இருந்தவர் அலைப்பலகையின் கயிற்றைக் கையின் மேற்பகுதியில் இறுக்கிக் கட்டியதே அவரைப் பிழைக்கவைத்தது. காயத்துக்கு மேலே, மூட்டைத் தவிர்த்து, ரத்தம் நிற்கும் வரை இறுக்க வேண்டும். அரைகுறையாகக் கட்டினால் ரத்தப்போக்கு அதிகமாகும். கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். மருத்துவமனை சேரும்வரை யாரும் தளர்த்திப் பார்க்கக் கூடாது. கட்டுப் போட முடியாத இடுப்பு, தோள் காயமாக இருந்தால் துணியை உள்ளே திணித்து உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். சிறு கீறலாக இருந்தாலும் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாமல் ஆன்டிபயாடிக் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். கடல்நீரிலும் சுறாவின் வாயிலும் வாழும் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சிறு காயத்தின் வழியே உள்ளே போகும்.