அக்னிவீர் தேர்வுக்கு எடை குறைத்து உடலைத் தயார் செய்வது: 24 வாரச் செய்முறை

எடை கூடுதலாக உள்ள பையன்கள் ராணுவத்துக்குத் தயாராகும்போது பெரும்பாலும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். முதல் நாளே கிரவுண்டுக்குப் போய் நான்கு ரவுண்டு வேகமாக ஓடுகிறார்கள். மூன்றாம் வாரம் முன்கால் எலும்பு வலி தொடங்குகிறது, ஐந்தாம் வாரம் எல்லாம் நின்றுபோகிறது. சரியான வரிசை இதற்கு நேர்மாறானது: முதலில் சாப்பாடு, அடுத்து கால்களின் தாங்கும் சக்தி, கடைசியில்தான் வேகம். கீழே உள்ளது ராணுவத்தின் அக்னிவீர் பொதுப்பணிப் பிரிவை மனதில் வைத்து எழுதியது. 10 முதல் 14 கிலோ வரை குறைக்க வேண்டியவருக்கு ஆறு மாதம் கட்டாயம் வேண்டும். இரண்டே மாதத்தில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்த இலக்கை எட்ட வேண்டும்?

ஓட்டம் 1.6 கி.மீ. 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 5:45-க்குள் 48, 6:00-க்குள் 36, 6:15-க்குள் 24. அதைத் தாண்டினால் வெளியே. அடுத்து பீம், அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது: 10 எடுத்தால் 40 மதிப்பெண், 9-க்கு 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. ஒன்பது அடி டிச் (பள்ளம்) தாண்டுவதற்கும் ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும்) குறுகிய கட்டையில் நடப்பதற்கும் மதிப்பெண் இல்லை, ஆனால் இரண்டிலும் தேற வேண்டும்.

தமிழ்நாட்டு ஆண்களுக்கு உயரம் 166 செ.மீ., மார்பளவு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். எடைக்கு உயரத்தையும் வயதையும் வைத்து அட்டவணை இருக்கிறது. 170 செ.மீ. உயரமுள்ளவர் 20 வயதுக்குள் இருந்தால் 63.6 கிலோ வரை, 20 வயது கடந்திருந்தால் 66.5 கிலோ வரை இருக்கலாம். 52 கிலோவுக்குக் கீழேயும் போகக்கூடாது. 166 செ.மீ. என்றால் 20 வயதுக்குள் 60.6 கிலோ, 175 செ.மீ. என்றால் 67.4 கிலோ. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை எடுத்து உங்கள் உயரத்துக்கான வரியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எல்லைக்கு ஒரு கிலோ கீழே போவதை இலக்காக வையுங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டுத் தராசும் தேர்வு முகாமில் உள்ள தராசும் ஒன்றுபோல் காட்டாது.

பெண்களுக்கு ராணுவக் காவல் பிரிவில் 1.6 கி.மீ.க்கு முதல் பிரிவு 7:30, இரண்டாம் பிரிவு 8:00. பத்தடி நீளத் தாண்டல், மூன்றடி உயரத் தாண்டல். கீழே உள்ள வார வரிசை அவர்களுக்கும் பொருந்தும், நொடிக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பயிற்சியோடு சாப்பாட்டையும் குறைக்கும்போது ரத்தசோகை எளிதில் வரும் என்பதால் தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு காலை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். ஓடும்போது மயக்கமோ நெஞ்சு வலியோ வந்திருந்தால், அல்லது வீட்டில் யாராவது சிறு வயதில் இதய நோயால் இறந்திருந்தால், மருத்துவரிடம் சொல்லாமல் ஓடத் தொடங்காதீர்கள்.

ஓட்டத்தாலும் உணவாலும் சரியாகாத குறைகளையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்: நேராக நிற்கும்போது முட்டி ஒட்டுவது, தட்டைப் பாதம், கால் நரம்பு புடைப்பு, விரைவீக்கம். குண்டான பையன்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது மார்பு. மார்பில் சேர்ந்திருப்பது வெறும் கொழுப்பு என்றால் எடையோடு சேர்ந்து குறையும். காம்புக்கு அடியில் விரலால் அழுத்தும்போது கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் அது சுரப்பி. எவ்வளவு ஓடினாலும் போகாது, மெடிக்கலில் (தேர்வின் மருத்துவப் பரிசோதனையில்) தள்ளுபடி ஆகும். இப்போதே அரசு மருத்துவமனை அறுவைப் பிரிவில் காட்டினால் அதைச் சரிசெய்து ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். இதைச் சொல்ல வெட்கப்பட்டே பலர் கடைசி நாளில் திரும்பி வருகிறார்கள்.

சாப்பாட்டுக் கணக்கு

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 550 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரை கிலோ இறங்கும். 19 வயது, 170 செ.மீ., 76 கிலோ உள்ள பையனுக்கு ஓரளவு நடமாட்டத்தோடு நாளுக்குச் சுமார் 2,600 கலோரி செலவாகும். அவர் 2,000-த்தில் நிறுத்தினால் போதும். 1,200-க்கு இறக்கினால் முதல் மாதம் தராசு வேகமாக இறங்கும், ஆனால் இறங்குவதில் தசையும் இருக்கும். பீமில் ஏற முடியாது, ஓட்டத்தில் மூன்றாவது ரவுண்டில் கால் கனக்கும்.

முதலில் தெரியாமல் உள்ளே போவதை நிறுத்துங்கள். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 160 கலோரி. மாதத்துக்கு அதுவே அரை கிலோவுக்கு மேல் கொழுப்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால் உங்கள் பங்கு மட்டும் நாளுக்கு 270 கலோரி. தாளிக்கும் எண்ணெயை அம்மாவிடம் சொல்லிப் பாதியாக்குங்கள். தனிச் சமையல் தேவையில்லை. இரவு பரோட்டாவையும் பேக்கரி பப்ஸையும் ஆறு மாதத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் சாப்பாடு இப்படி இருக்கலாம்:

- காலை, பயிற்சி முடிந்து: மூன்று இட்லி, சாம்பார், இரண்டு அவித்த முட்டை.
- பதினொரு மணி: 50 கிராம் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து அவித்த சுண்டல். அளவு ஊறுவதற்கு முன் எடுத்தது.
- மதியம்: வடித்த சோறு 200 கிராம், 150 கிராம் கோழி அல்லது மத்தி மீன் குழம்பு, ஒரு பெரிய கிண்ணம் பொரியல், ரசம், மோர்.
- மாலை: சர்க்கரை போடாத டீ, ஒரு வாழைப்பழம் அல்லது கொய்யா.
- இரவு எட்டு மணிக்குள்: எண்ணெய் விடாத மூன்று சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, காய், இரண்டு முட்டை.

இது ஏறக்குறைய 2,000 கலோரி, 100 கிராம் புரதம். எடை குறையும்போது தசையைக் காப்பது இந்தப் புரதம்தான். சைவம் என்றால் முட்டைக்கும் மீனுக்கும் பதில் 50 கிராம் சோயா உருண்டை (26 கிராம் புரதம்), தயிர், கூடுதல் பருப்பு. சோற்றை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, அளந்தால் போதும். இரண்டு வாரம் சமையல் தராசில் எடை போட்டுச் சாப்பிட்டால் பிறகு கண்ணளவே சரியாக வரும்.

எடை பார்ப்பதைக் காலையில், மலஜலம் கழித்த பிறகு, வெறும் வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பான சாப்பாடு ஒன்று போதும், மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டும், அது தண்ணீர். தினமும் பார்த்து ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். இரண்டு வாரம் சராசரி அசையவில்லை என்றால் நாளுக்கு 150 கலோரி குறையுங்கள், அதாவது ஒரு சப்பாத்தியும் கொஞ்சம் எண்ணெயும்.

வாரம் 1 முதல் 10: ஓடக் கற்கும் முன் கால் தாங்கட்டும்

மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். அதனால்தான் மூச்சு வாங்காத நாளிலும் கால் உடைகிறது. முதல் இரண்டு வாரம் ஓட்டமே இல்லை: வாரத்துக்கு ஐந்து நாள், 45 நிமிடம் வேக நடை. மூன்றாம் வாரம் நான்கு நிமிட நடை, ஒரு நிமிட மெதுவோட்டம் என்று எட்டு முறை. ஒவ்வொரு வாரமும் நடையில் அரை நிமிடம் குறைத்து ஓட்டத்தில் அரை நிமிடம் கூட்டிக்கொண்டே வந்தால் பத்தாம் வாரம் முடியும்போது 30 நிமிடம் நிற்காமல் ஓடிவிடுவீர்கள். வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும்.

தார்ச் சாலையையும் சிமென்ட்டையும் தவிர்த்து மண் கிரவுண்டில் ஓடுங்கள். தேய்ந்த கேன்வாஸ் ஷூவோடு 76 கிலோவைச் சுமந்து ஓடுவதுதான் முன்கால் வலிக்குப் பாதிக் காரணம். வலி வந்தால் இடத்தைத் தடவிப் பாருங்கள். எலும்பின் உள்விளிம்பு நெடுக வலித்தால் ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்தி சைக்கிள் மிதியுங்கள், ஐஸ் வையுங்கள், குதிகால் தூக்கும் பயிற்சி 20 வீதம் மூன்று முறை செய்யுங்கள். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் குத்தினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அது எலும்பில் விரிசலாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகும் என்பதால் படம் நன்றாக இருக்கிறது என்று ஓடத் தொடங்கிவிடாதீர்கள்.

இதே பத்து வாரத்தில் வாரம் மூன்று நாள் பலப் பயிற்சி: உட்கார்ந்து எழுவது 15, தண்டால் முடிந்தவரை, பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது) 30 நொடி, எல்லாம் மூன்று முறை. எடை இறங்கும்போது மார்பளவும் இறங்கும். 77-க்குக் கீழே போகாமல் காப்பது தண்டால்தான்.

பீம்: ஒன்றுகூட வராதவருக்கு

கை நேராக இருக்கும் நிலையில் தொடங்கி, காலை உதைக்காமல், தாடை கம்பிக்கு மேலே வந்தால்தான் ஒன்று. முதல் மூன்று வாரம் தொங்குவது மட்டும்: 20 நொடி, ஐந்து முறை. அதோடு கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இழுத்து விடுவது எட்டு முறை. நான்காம் வாரம் முதல் நாற்காலியில் ஏறித் தாடையை மேலே வைத்துக்கொண்டு ஐந்து நொடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். ஐந்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இறங்குவது எட்டு நொடிக்கு வந்ததும் ஏறுவதும் வரும்.

மூன்று வந்த பிறகு முழு மூச்சாக எடுத்துக் களைப்பதை நிறுத்துங்கள். ஐந்து வரும் என்றால் மூன்று மூன்றாக, நாள் முழுக்கப் பிரித்து ஆறு சுற்று எடுப்பதில்தான் எண்ணிக்கை கூடும். எடையில் இறங்கும் ஒவ்வொரு கிலோவும் இங்கே உங்கள் பக்கம் நிற்கும்.

வாரம் 11 முதல் 22: இப்போது வேகம்

5:30 என்றால் 400 மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு 82.5 நொடி. மாவட்ட விளையாட்டரங்கத்து டிராக் இல்லையென்றால் அளவு நாடா வைத்துப் பள்ளி கிரவுண்டை அளந்து சுண்ணாம்பு போடுங்கள். குத்துமதிப்பான ரவுண்டில் எடுத்த நேரத்தை வைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

வாரத்தில் நான்கு நாள் மட்டும் ஓட்டம். ஒரு நாள் 6 கி.மீ. மெதுவாக, இரண்டு நாள் 4 கி.மீ. மெதுவாக, ஒரு நாள் ரவுண்டுப் பயிற்சி. மொத்தத் தூரத்தை ஒரு வாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம்.

- வாரம் 11–14: 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 100 நொடி, நடுவில் இரண்டு நிமிட நடை.
- வாரம் 15–18: அதே ஆறு முறை, 90 நொடி.
- வாரம் 19–22: ஆறு முறை 83 முதல் 85 நொடி, நடுவில் 90 நொடி மட்டும் ஓய்வு. ஒரு மெதுவோட்ட நாளில் 200 மீட்டர் எட்டு முறை, தலா 40 நொடி.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1.6 கி.மீ. முழுதாக ஓடி நேரம் எடுங்கள். அது போதும், தினமும் நேரம் பார்த்து ஓடுபவர் வேகம் கூடாமல் களைப்பு மட்டும் சேர்ப்பார். 20-ஆம் வாரத்தோடு கலோரி குறைப்பதை நிறுத்தி, மதியச் சோற்றை 300 கிராமாக்குங்கள். வயிற்றைக் காயவைத்துக்கொண்டு வேகப் பயிற்சி செய்ய முடியாது.

டிச்சுக்கு ஒன்பது அடி என்பது 2.74 மீட்டர். புல்தரையில் இரண்டு கோடு ஆறடி இடைவெளியில் போட்டு, 12 மீட்டர் ஓடிவந்து தாண்டுங்கள். வாரம் அரை அடி கூட்டுங்கள். எடை அதிகமுள்ளவர்கள் கோட்டுக்கு முன் வேகத்தைக் குறைத்து நின்று தாண்டப் பார்ப்பதில்தான் விழுகிறார்கள். ஜிக்ஜாக்குக்கு நீளமான குறுகிய திண்டு எதுவானாலும் போதும். காலடியைப் பார்க்காமல் நான்கடி முன்னால் பாருங்கள்.

செய்யவே கூடாதவை

நீர் இறக்கும் மாத்திரை, பிளாஸ்டிக் உறை சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடுவது, இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இவற்றால் இறங்கும் இரண்டு கிலோவும் தண்ணீர்தான். பொட்டாசியம் குறைந்து தசை பிடிக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கிரவுண்டுக்குப் பக்கத்தில் யாராவது ஓட்டத்துக்கு ஊசி போடுவதாகச் சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். ஊக்கமருந்து பிடிபட்டால் தேர்வு போகும், பிடிபடாவிட்டால் உயிர் போகலாம்.

கடைசி இரண்டு வாரமும் அந்த நாளும்

ஓட்டத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் வேகத்தைக் குறைக்காதீர்கள்: வாரம் ஒருமுறை 400 மீட்டர் மூன்று முறை 82 நொடியில். கடைசி மூன்று நாள் பீமைத் தொட வேண்டாம், உள்ளங்கைத் தோல் உரிந்தால் பிடி நிற்காது. காதில் அழுக்கு இருந்தால் மருத்துவரிடம் எடுத்துவிடுங்கள், மெடிக்கலில் அதற்காகவே காக்க வைப்பார்கள்.

முகாமில் அதிகாலை இருட்டிலேயே வரிசை தொடங்கும். அதனால் கடைசி பத்து நாளும் நான்கு மணிக்கு எழுந்து ஓடிப் பழகுங்கள். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். புது ஷூ வேண்டாம். கூட்டமாக விடுவார்கள், தொடக்கத்தில் முழங்கை இடிக்கும், எல்லோரும் முதல் 200 மீட்டரைப் பறந்து ஓடுவார்கள். நீங்கள் கூட்டத்தின் வெளி ஓரத்தில் நின்று முதல் ரவுண்டை 80 நொடியில் முடியுங்கள். இரண்டாவது 83, மூன்றாவது 84. மூன்றாவதில்தான் பறந்தவர்கள் உங்களுக்குப் பின்னால் வருவார்கள். நான்காவது 82-க்கு வந்தால் கடிகாரம் 5:29 காட்டும்.

ஓடி முடித்ததும் உட்காராதீர்கள்; நடந்துகொண்டே கையை உதறுங்கள். அடுத்து பீம் காத்திருக்கும்.