பழைய கேம் டிஸ்க் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பெங்களூரு நேஷனல் மார்க்கெட்டில் செகண்ட் ஹேண்ட் டிஸ்க் தேடிப் போகுமுன் வீட்டிலுள்ள பிஎஸ்5 (சோனி பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோல் எந்த மாடல் என்று பாருங்கள். டிஸ்க் டிரைவ் இல்லாமல் வரும் டிஜிட்டல் எடிஷனில் டிஸ்க் போட வழியில்லை. ஆனால் அது 2023-இல் வந்த ஸ்லிம் மாடல் என்றால் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். மாட்டியதும் ஒருமுறை இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும்.

கடையில் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சில பெட்டிகளுக்குள் டிஸ்க்கே இருக்காது, டவுன்லோடு கோடு அச்சிட்ட சீட்டுதான் இருக்கும். அந்தக் கோடு ஒரே ஒரு அக்கவுண்டில்தான் ஏறும். பழைய பெட்டியில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் கேம்-கீ கார்டு வேறு வகை: கேம் அதில் இல்லை, டவுன்லோடு செய்துதான் ஆட வேண்டும். ஆனால் அதை மறுபடி விற்கலாம்.

டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, பிஎஸ்5 டிஸ்க் போன்ற ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மி.மீ. அதற்கு மேல் கடினமான பூச்சு இருப்பதால் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆழமான கோடு விழுந்திருந்தால் வேண்டாம். "பாலிஷ் போட்டுத் தர்றேன்" என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேய்த்தால் பூச்சோடு தகவலும் போய்விடலாம். நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கிய அன்றே இதைச் செய்யுங்கள்: இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கைப் போட்டு, கேம் டிஸ்க்கிலிருந்து கன்சோலுக்குக் காப்பி ஆகி முழுதாக முடியும்வரை விடுங்கள். பாதியில் நின்றால் டிஸ்க்கில் பழுது இருக்கலாம். நன்றாக ஓடும் வேறொரு டிஸ்க்கைப் போட்டு டிரைவையும் சோதித்துக்கொள்ளுங்கள். காப்பி முடிந்ததும் இணைப்பில்லாமலே கேமைத் திறந்து கொஞ்ச நேரம் ஆடுங்கள். எந்த அளவு ஓடுகிறதோ அந்த அளவுதான் உண்மையில் உங்கள் கையில் இருக்கிறது. கம்பெனியின் சர்வரை நம்பி, இன்டர்நெட் இருந்தால் மட்டும் ஓடும் கேம்களுக்கு டிஸ்க் எந்தப் பாதுகாப்பும் தராது. யூபிசாஃப்ட் கம்பெனியின் 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் மூடப்பட்டபோது டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. அப்படிப்பட்ட கேம்களின் டிஸ்க்குக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். ஒருமுறை முடித்துவிட்டு விற்கக்கூடிய கதை கேம்களுக்கே டிஸ்க் லாபம்.

டிஎல்சி (கேமுக்குத் தனியாக வாங்கும் கூடுதல் பகுதிகள்) வாங்கும் எண்ணம் இருந்தால், டிஸ்க்கின் ரீஜனும் (எந்தப் பகுதி நாடுகளுக்கானது என்பது) உங்கள் அக்கவுண்டின் ரீஜனும் பொருந்த வேண்டும்.

டிஜிட்டலில் வாங்கியவர்கள் பிஎஸ்5 செட்டிங்ஸில் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே'யை இயக்கி வையுங்கள். இன்டர்நெட் இல்லாத நாளிலும் கேம் திறக்கும். கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்கு ஜிஓஜி (GOG) என்ற ஆன்லைன் கேம் கடை நல்லது: இன்டர்நெட் இல்லாமலே கேமை நிறுவ உதவும் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கித் தனி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.