நான்கு திரியும் ஒரு கைப்பிடி வைக்கோலும்: திருவருகைக்காலத்தை வீட்டில் நடத்தும் முறை

நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான், கிறிஸ்துமஸுக்கு நம்மைத் தயாரிக்கும் திருவருகைக்காலத்தின் முதல் நாள். 2026-இல் அது நவம்பர் 29. டிசம்பர் 24 மாலையோடு முடியும், மொத்தம் 26 நாள். கோயிலில் ஊதா உடை. திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப் பாடல் பாடுவதில்லை (டிசம்பர் 8 அமல உற்பவம் போன்ற பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு). ஆனால் அல்லேலூயா உண்டு. ஆகவே தவக்காலம்போல முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டுக்கு முதல் வேலை வளையம்: இலை சூழ நான்கு மெழுகுதிரி வைத்து, ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவது. இந்த வழக்கம் 1839-இல் ஹாம்பர்க்கில் ஒரு லூத்தரன் போதகர் தொடங்கியது. கத்தோலிக்கர் பின்னால்தான் எடுத்துக்கொண்டோம். விளிம்பு உயர்ந்த மண் தட்டில் 5 செ.மீ. உயரத்துக்கு ஈர மணல் போட்டு, ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று என நான்கு மெழுகுதிரிகளை 4 செ.மீ. ஆழம் நடுங்கள். வாங்கும்போதே ஒரு திரியை ஒரு மணி நேரம் எரித்துப் பார்ப்பது நல்லது. மணிக்கு 2.5 செ.மீ. கரைந்தால், தினம் 15 நிமிடம் வீதம் முதல் திரி 26 நாளில் 16 செ.மீ.க்கு மேல் போய்விடும். எனவே 25 செ.மீ. உயரத் திரி வேண்டும். குட்டைத் திரி மூன்றாம் வாரத்திலேயே மணலைத் தொட்டுவிடும்.

சேலத்துக் கடைகளில் ரோஜா நிறத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியே போதும். அடியில் நிற ரிப்பன் கட்டுங்கள். மேலே கட்டினால் சாட்டின் ரிப்பன் உருகிப் பற்றும்.

இலைக்கு ஏற்காட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை. காப்பித் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக் இலை ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெள்ளி. கவாத்து செய்து கழித்த கிளையைத் தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கீழே நகரத்தில் சவுக்கோ துளசியோ போதும். மலையில் பனி ஈரத்தால் இலையில் பூசணம் பிடிக்கும். சமவெளியில் சில நாளிலேயே காய்ந்து சருகாகும். இரண்டுக்கும் மருந்து வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை, இலையை மாற்றுவதுதான். திரி குறையக் குறையச் சுடர் இலைப் பக்கம் இறங்கிவரும். 5 செ.மீ. இடைவெளி இருக்கும்படி இலையை நறுக்கிவிடுங்கள்.

அடுத்தது வைக்கோல். காலியான தீவனத் தொட்டியாக ஒரு சிறு பெட்டி வையுங்கள். யாருக்கும் தெரியாமல் செய்த ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் ஒரு வைக்கோல் போடலாம்: பிறர் முறையான பாத்திரத்தைக் கழுவுவது, வாக்குவாதத்தில் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுப்பது. இது கெடுவது ஒரே இடத்தில்தான்: பெற்றோர் எண்ண ஆரம்பிக்கும்போது. ‘உனக்கு எத்தனை, தங்கச்சிக்கு எத்தனை’ என்று கேட்ட மறுநாளே பிள்ளைகள் கை நிறைய அள்ளிப் போடுவார்கள். பெயர் எழுதாதீர்கள், எல்லாருக்கும் ஒரே பெட்டி.

பெரியவர்களுக்கு இதே நோய் ஸ்டாரிலும் குடிலிலும் வரும். அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவில், யார் குடில் பெரியது என்ற பேச்சு எழுந்தால், அந்தச் செலவில் பாதியைப் பெயர் எழுதாத உறையில் போட்டு, ஏழைகளுக்கு உதவும் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையிடம் கொடுக்கலாம். ஏற்காட்டு டிசம்பர் குளிருக்குப் பழைய ஸ்வெட்டர் கொடுப்பதானால் துவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள். அறுந்த ஜிப்போடு கொடுப்பது வீட்டைக் காலி செய்வது, தர்மமல்ல.

மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 13, மகிழ்ச்சி ஞாயிறு. ரோஜா நிறத் திரியை அன்றுதான் ஏற்ற வேண்டும். வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டுக்கு உரியவை: ‘எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்’ என்று பவுல் தெசலோனிக்கருக்கு எழுதுகிறார், பதிலுரைப் பாடல் மரியாவின் பாடல், நற்செய்தியில் திருமுழுக்கு யோவான், வருகிறவருடைய மிதியடிவாரை அவிழ்க்கவும் தகுதியற்றவன் என்கிறார். தாழ்ச்சியும் மகிழ்ச்சியும் ஒரே திருப்பலியில் வருவது தற்செயலல்ல. அன்றிரவு திரி முன் யோவான் நற்செய்தி 3:29-30 வாசியுங்கள். மணமகனின் தோழன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அதே திருமுழுக்கு யோவான், மணமகன் குரலைக் கேட்டு மகிழ்கிறார். அடுத்த மூச்சில், அவர் பெருக வேண்டும், நான் குறைய வேண்டும் என்கிறார். முன்னால் நிற்க வேண்டும் என்ற ஆசை இல்லாததால்தான் அடுத்தவர் கல்யாணத்தில் அவரால் அப்படிச் சந்தோஷப்பட முடிகிறது. வீட்டிலும் அன்று அப்படி ஒன்று செய்யலாம்: அந்த ஆண்டு நல்லது நடந்த ஒரு வீட்டுக்கு இனிப்போடு போய், அவர்கள் செய்தியை மட்டும் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் மார்க்கை இழுக்காதீர்கள். இது சொல்வதைவிடக் கடினம்.

பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்வதை, டிசம்பர் 17-க்கு முன்பே முடித்துவிடுங்கள். கடைசி வாரம் வரிசை நீளும், சாமியாருக்கும் நேரமிருக்காது. கேரல் பவனி வீட்டுக்கு வரும் இரவில் வளையத்தைக் காற்றுப்படாத மூலைக்கு நகர்த்துங்கள்.

24-ஆம் தேதி மாலை பெட்டி வைக்கோலைக் குடிலில் பரப்புங்கள். குழந்தை இயேசு சுரூபத்தை இரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகு, வீட்டில் இளையவர் கையால் வைக்கச் சொல்லுங்கள். எஞ்சிய திரித் துண்டுகளைத் தனியாக எடுத்துவைத்தால் மின்தடைக்கு உதவும்.