சிக்கனமான மேசைக் கணினி: எந்தப் பாகத்தை முதலில் தேர்ந்தெடுப்பது?

முதன்முதலாக நான் பாகம் பாகமாக வாங்கிக் கணினி ஒன்றைப் பூட்டியபோது மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, மானிட்டரில் மட்டும் எதுவுமே வரவில்லை. ரேமைக் (தற்காலிக நினைவகக் குச்சி) கழற்றி மாட்டினேன், கேபிளை மாற்றினேன், அரை நாள் போனது. கடைசியில் ப்ராசசர் (கணினியின் மூளையான சிப்) வந்த பெட்டியை எடுத்துப் படித்தால், எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்று ஓர் எழுத்து. ‘இதற்குள் கிராபிக்ஸ் (மானிட்டருக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது’ என்பதற்கான அடையாளம் அது. கொஞ்சம் விலை குறைகிறதே என்று ஆசைப்பட்டு எடுத்தது நான்தான்.

இணையம், கடிதம், கணக்குத் தாள்கள், வீடியோ அழைப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று வீட்டிலும் அலுவலகத்திலும் நடக்கும் அன்றாட வேலைகளுக்கான கணினியைப் பற்றியது இந்தப் பதிவு. பெரிய கேம்களும் நாள் முழுக்க வீடியோ எடிட்டிங்கும் வேறு கணக்கு, அவற்றை இங்கே தொடவில்லை.

படி 1: வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் போதும். தினமும் எந்தெந்த மென்பொருளைத் திறப்பீர்கள்? ஒரே நேரத்தில் எத்தனை திறந்திருக்கும்? எத்தனை மானிட்டர் வேண்டும்? கடையில் யாராவது ‘இன்னும் கொஞ்சம் போட்டால் இதைவிட நல்லது’ என்று ஆரம்பிக்கும்போது இந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

படி 2: ப்ராசசர்

இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் மற்ற பாகங்கள் பலவும் இதைப் பொறுத்தே அமையும். நமக்கு வேண்டியது கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ப்ராசசர். அது இருந்தால் தனி கிராபிக்ஸ் கார்டின் செலவே இல்லை.

பெயரின் கடைசி எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். ப்ராசசர் செய்யும் இரண்டு பெரிய நிறுவனங்கள் இன்டெல், ஏஎம்டி. இன்டெலில் ‘எஃப்’ இருந்தால் கிராபிக்ஸ் இல்லை. ‘கே’ என்பது வேகத்தை முடுக்க விரும்புகிறவர்களுக்கானது. அதன் பெட்டியில் கூலரும் (ப்ராசசரைக் குளிர்விக்கும் விசிறி) வராது, நமக்கு அது தேவையும் இல்லை. ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் (ஏஎம்4, ஏஎம்5 என்பவை ப்ராசசரை மாட்டும் இடத்தின் பெயர்கள், படி 3-இல் வரும்) கதை தலைகீழ்: எண்ணுக்குப் பின்னால் ‘ஜி’ இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 5600ஜி-யில் இருக்கிறது, வெறும் 5600-இல் இல்லை. ஏஎம்5-க்கான ரைசன் 7000 வரிசையில் ‘எஃப்’ போட்டவை தவிர மற்றவற்றில் சிறிய அளவிலாவது கிராபிக்ஸ் இருக்கும்.

இன்டெலில் ‘ஐ5 என்றால் ஐ3-ஐவிட உசத்தி’ என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். தலைமுறையைப் பார்க்காமல் இந்தப் பெயர்களுக்கு அர்த்தமே இல்லை. 2017-இல் வந்த ஐ5 7400-இல் 4 கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை). 2022-இல் வந்த ஐ3 12100-இல் 4 கோர், 8 த்ரெட், ஒவ்வொரு கோரும் பழையதைவிட நன்றாகவே வேகமானது. அதோடு, அந்தப் பழைய ஐ5 விண்டோஸ் 11-க்கான ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய கணினியை ‘ஐ5, ஐ7’ என்று சொல்லி மலிவாகத் தருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது தலைமுறை எண்ணைத்தான் (7400-இல் 7, 12100-இல் 12).

ஐ3 12100 அல்லது 5600ஜி அளவில் ஒன்றை எடுத்தால் மேலே சொன்ன வேலைகளுக்குப் பல வருடம் தாங்கும். அதற்கு மேல் போகும் பணத்தை ரேமிலும் எஸ்எஸ்டியிலும் (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான பாகம்) போடுவதே என் வழக்கம்.

படி 3: மதர்போர்டு

எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பலகைதான் மதர்போர்டு. அதில் ப்ராசசர் உட்காரும் இடத்துக்குப் பெயர் சாக்கெட். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ1700, 5600ஜி-க்கு ஏஎம்4. இது பொருந்தாவிட்டால் வேறு எதுவும் பேச்சுக்கே இல்லை. சிப்செட்டில் (போர்டில் என்னென்ன வசதி என்பதை முடிவு செய்யும் சிப்) இன்டெலுக்கு எச்610, ஏஎம்டிக்கு ஏ520 போதும். எம்.2 இடம் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் இடம்) கூடுதலாக வேண்டுமென்றால் பி660, பி760, பி550 பக்கம் பாருங்கள்.

அப்புறம் ரேம் வகை. டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு. ஏஎம்4 என்றால் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ1700-இல்தான் குழப்பம்: ஒரே சிப்செட்டில் இரண்டு வகைப் போர்டுகளும் வருகின்றன. ரேமின் அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றில் மாட்டவே முடியாது.

போர்டின் பின்பக்கப் படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் உண்டா, எத்தனை யுஎஸ்பி, வைஃபை இருக்கிறதா? நிறையப் போர்டுகளில் வைஃபை இருக்காது. இன்னொன்று: போர்டு வெளிவந்த பிறகு வந்த ப்ராசசரைப் போடுகிறீர்கள் என்றால், பழைய பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அதை அடையாளம் காணாமல் போகலாம். போர்டு நிறுவனத்தின் தளத்தில் எந்த ப்ராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு என்ற பட்டியல் இருக்கும். தேவையானால் புதுப்பித்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

படி 4: ரேம்

16 ஜிபி. அதையும் ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, அது ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு குச்சி இருந்தால் தகவல் போக இரண்டு பாதை கிடைக்கிறது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று எழுதியிருப்பார்கள். அது ‘நிறுவ முடியும்’ என்பதற்கான எண், நிம்மதியாக வேலை செய்வதற்கான எண் இல்லை.

படி 5: எஸ்எஸ்டி

கணினி மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் நான் பார்த்தவரை ஹார்ட் டிஸ்க்கின் வேலை. அது நொடிக்குச் சுமார் 150 எம்பி படிக்கும். எஸ்எஸ்டியில் இணைப்பைப் பொறுத்து இரண்டு வகை: பழைய இணைப்பான சாட்டா 550 எம்பி வரை, புதியதான என்விஎம்இ (பிசிஐஇ 3.0 வகை) சுமார் 3,500 எம்பி வரை. ஆனால் அன்றாட வேலையில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் இடையே அத்தனை பெரிய வித்தியாசத்தைக் கண்ணால் காண முடியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல்.

போர்டில் எம்.2 இடம் இருந்தால் என்விஎம்இ 500 ஜிபி எடுங்கள், தனி கேபிள் தொல்லையும் இல்லை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, எல்லாப் போர்டும் அதை ஏற்காது. ஹார்ட் டிஸ்க் வேண்டுமென்றால் புகைப்படத்துக்கும் காப்புப் பிரதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எஸ்எம்பிஎஸ், கேபினட்

கேபினட்டோடு (கணினிப் பெட்டி) இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) நம்பாதீர்கள். நாம் பேசும் கணினி முழு வேலை கொடுத்தாலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே 450 வாட் தாராளம், ஆனால் அந்த 450 உண்மையாக இருக்க வேண்டும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். அங்கே 36 இருந்தால் 12 × 36 = 432 வாட், நம்பலாம். 18 என்று இருந்தால் மேலே எழுதிய 450 வெறும் அலங்காரம். 80 பிளஸ் முத்திரை இருந்தால், குறிப்பிட்ட சுமைகளில் குறைந்தது 80 சதவீத மின்சாரம் வீணாகாமல் போய்ச் சேருகிறது என்று பொருள்.

கேபினட் உங்கள் விருப்பம். மைக்ரோ ஏடிஎக்ஸ் (மதர்போர்டின் அளவு ஒன்றின் பெயர்) போர்டு நுழைய வேண்டும், காற்று போய்வர வழி வேண்டும், அவ்வளவே. கண்ணாடியும் வண்ண விளக்கும் வேலையைக் கொஞ்சமும் வேகப்படுத்தாது.

படி 7: மானிட்டர்

24 அங்குலம், 1920 × 1080 புள்ளிகள், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை). அதே 1920 × 1080-ஐ 27 அங்குலத்தில் எடுத்தால் எழுத்துகளின் ஓரம் கரடுமுரடாகத் தெரியும். நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கிறவருக்கு இது உறுத்தும்.

படி 8: பெட்டிகள் வந்த பிறகு

எடுத்தவுடன் கேபினட்டுக்குள் திருகிவிடாதீர்கள். மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசசர், கூலர், ரேம், எஸ்எஸ்டியை மட்டும் மாட்டுங்கள். எஸ்எம்பிஎஸ்-இலிருந்து பெரிய 24 பின் வயரையும், ப்ராசசர் அருகே போகும் 8 பின் வயரையும் செருகுங்கள். புதிதாகப் பூட்டுகிறவர்கள் மறப்பது இந்த இரண்டாவதைத்தான். மானிட்டர் கேபிள் போர்டின் பின்பக்கத்துக்கு. பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூட்ரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கணினி எழும். பயாஸ் திரையில் ப்ராசசர் பெயர், 16 ஜிபி, எஸ்எஸ்டி மூன்றும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் திறக்கலாம்.