வீட்டு முதியவரைப் பராமரிக்க அரசுத் தொகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு காலையில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில், பக்கத்து வீட்டுத் தம்பி தன் ஆயாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் செயலிழந்துபோன அந்த அம்மாளுக்கு அன்று அரசு மருத்துவமனையில் ஊனத்தின் சதவீதத்தைக் கணக்கிடும் மருத்துவக் குழுவின் முன்னால் முறை. விசேஷத்துக்குப் போவதுபோல் பட்டுப்புடவை உடுத்தி, தலை வாரி, பூவும் வைத்திருந்தார்கள். "டாக்டர் எதிர்ல தெம்பா இரு ஆயா, அழுவாதே" என்று அவன் சொன்னது காதில் விழுந்ததும், கையில் இருந்த பால் பாக்கெட்டோடு ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினேன். 2019ஆம் ஆண்டு இதே சொற்களை இதே தெருவில் நான் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவை ஐந்தரை ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டதில் தொடங்கி, இன்றுவரை அக்கம்பக்கத்தாருடன் மருத்துவமனைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைவதில், எல்லோரும் ஒரே குழியில் விழுவதைப் பார்த்துவிட்டேன். நகல் எடுக்க மறப்பது, புகைப்படம் குறைவது போன்றவற்றை இ-சேவை மையத்திலேயே திருத்திவிடுவார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் வரும் என்று எண்ணுவது

வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு அரசு சம்பளம் தருவதாக யாரோ சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் பலர். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அங்குள்ள நடைமுறையைச் சொல்ல, அது இங்கேயும் உண்டு என்று இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் வயது என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைப்பது முதியோர் உதவித்தொகை மட்டுமே. அது 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவும் ஆதரவற்ற முதியவருக்கு என்று வகுக்கப்பட்ட பணமே தவிர, அவரைப் பார்த்துக்கொள்பவருக்கான கூலி அன்று.

பராமரிப்பை அரசு கணக்கில் எடுத்துக்கொள்வது ஊனத்தின் வழியாகத்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பாளர் என்பதற்குப் பொருள் சொல்லும் இடத்திலேயே, பணம் பெற்றோ பெறாமலோ கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரையும் சேர்த்துச் சொல்கிறது. உயர் ஆதரவு, அதாவது அன்றாட வேலைகளுக்கே பிறரின் தீவிரத் துணை, தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதையும் அரசின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. தமிழ்நாட்டில் ஊனம் 75 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும், படுக்கையே கதியாகி உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கு உதவியாளர் வைத்துக்கொள்ளக் கூடுதலாக 1,000 ரூபாயும் உண்டு. பார்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்) ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நடுக்கம் என்று பொதுவாக எழுதி வாங்கிக்கொண்டு வராமல், நோயின் பெயரைச் சான்றில் குறிப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எல்லாம் கிடைத்தாலும் மாதம் 3,000 ரூபாய்தான். அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் எங்களிடம் நாளொன்றுக்கு 800 ரூபாய் கேட்டது. ஆகவே இந்தத் தொகையை நம்பி வேலையை விடாதீர்கள். மாத்திரைக்கும் டயப்பருக்கும் ஆகும் செலவில் பாதியைத் தாங்கும் என்ற அளவில் நம்புங்கள்.

சதவீதத்தைக் கோட்டைவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அதில் பெரும்பகுதி என்மீதே வரும் எரிச்சல்.

அம்மாவுக்கு 2018 நவம்பரில் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டால் உதவித்தொகை தானாக வந்துவிடும் என்று எண்ணி, 2019 பிப்ரவரியிலேயே மருத்துவக் குழுவின் முன் அழைத்துப்போனேன். அது முதல் தவறு. நரம்பு தொடர்பான பாதிப்புகளை, நோய் வந்து ஆறு மாதம் கழிந்து, இனி மீளக்கூடியது மீண்டுவிட்டது என்ற நிலையில்தான் மதிப்பிட வேண்டும் என்பது விதி. மூன்றாவது மாதத்தில் போய் நின்றால், இன்னும் தேறக்கூடும் என்ற கணக்கில் தற்காலிகச் சான்றுதான் எழுதுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் எழுதினார்கள்.

அடுத்தது அம்மாவின் தன்மானம். காசிமேட்டில் முப்பது ஆண்டுகள் மீன் விற்று எங்களை வளர்த்தவர், அந்நியர் முன்னால் தளர்ந்து தெரிவதை அவமானமாக நினைத்தார். வீட்டில் கழிவறைக்குப் போக இருவர் தூக்க வேண்டியிருந்தவர், மருத்துவர் "நடப்பீங்களாம்மா?" என்று கேட்டதும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உதட்டைக் கடித்தபடி மூன்று அடி வைத்துக் காட்டினார். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். தானே சாப்பிடுவாரா என்ற கேள்விக்கு, "ஸ்பூன் குடுத்தா சாப்பிடுவாங்க டாக்டர்" என்று நான் சொன்னேன். பாதிச் சோறு மார்பில் சிந்தும் என்பதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொல்லத் தோன்றவில்லை என்பதுதான் பதில். நாங்கள் பொய் சொல்லவில்லை. நல்ல நாளைப் பற்றிச் சொன்னோம். குழுவின் முன் சொல்ல வேண்டியது கெட்ட நாளை. மிகைப்படுத்த ஒன்றும் தேவையில்லை, விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டில் நடப்பதை அப்படியே சொன்னாலே போதும்.

இவை இரண்டையும்கூட மன்னித்துவிடலாம். மூன்றாவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகவே காது மந்தம். கேட்காததற்கும் கேட்டதுபோல் தலையாட்டிச் சிரிக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததால், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. அன்று மருத்துவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன், அல்லது அம்மாவின் காதருகே குனிந்து திரும்பச் சொன்னேன். நோயாளிக்குக் காது கேட்கவில்லை என்று மருத்துவர் அறிந்துகொள்ள நான் இடமே கொடுக்கவில்லை. கை கால் முடக்கத்துக்கு 60 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பராமரிப்புத் தொகைக்கான விண்ணப்பம், 75 இல்லை என்ற ஒரே காரணத்தால் திரும்பி வந்தது.

ஒருவருக்கு இரண்டு ஊனங்கள் இருந்தால் அவற்றைச் சேர்த்துக் கணக்கிட ஒரு வாய்பாடு இருக்கிறது என்பதை அதன்பின் வெகு நாள் கழித்து, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெறும் கூட்டல் அன்று. பெரிய சதவீதத்தை 90இலிருந்து கழித்து, வரும் எண்ணைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90ஆல் வகுத்து, விடையைப் பெரிய சதவீதத்தோடு கூட்ட வேண்டும். அம்மாவுக்குப் பின்னர் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுத்தபோது செவித்திறன் குறைபாடு 45 சதவீதம் என்று வந்தது. 90இலிருந்து 60 போக 30. அதை 45ஆல் பெருக்கினால் 1,350. 90ஆல் வகுத்தால் 15. அதை 60உடன் கூட்டினால் 75. சரியாக எல்லைக் கோட்டின் மேல். முதல் நாளே அந்தக் காதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

தற்காலிகச் சான்றின் காலம் முடிய வேண்டும் என்று காத்திருந்ததிலும், நடுவில் கொரோனா வந்து எல்லாம் நின்றுபோனதிலும், மறுமதிப்பீடு நடக்க 2021 ஏப்ரல் ஆகிவிட்டது. இருபத்தாறு மாதங்கள். அப்போது தொகை மாதம் 1,500 ரூபாய். கணக்குப் போட்டால் 39,000 ரூபாய். முன்தேதியிட்டு எங்களுக்கு எதுவும் வரவில்லை. காத்திருந்ததும் அறியாமைதான்; நிலைமை மாறியிருந்தாலோ, ஓர் ஊனம் விடுபட்டிருந்தாலோ, மறுமதிப்பீட்டுக்கு அப்போதே மனுக் கொடுத்திருக்கலாம்.

ஆகவே அழைத்துப் போகுமுன் கண், காது, பேச்சு, கை, கால், ஞாபகம் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். கண்புரை என்றும் வயதானால் காது அப்படித்தான் என்றும் வீட்டில் தள்ளிவிடும் ஒன்று, சான்றில் 15 புள்ளிகளாக நிற்கக்கூடும். அந்தந்தப் பிரிவின் அறிக்கையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு போங்கள். முதியவர் தன் வாயால் பதில் சொல்லட்டும். சொல்ல முடியாமல் திணறினால், அந்தத் திணறலை மருத்துவர் பார்க்கட்டும்.

அவசரத்தில் முதியோர் பணத்துக்கு எழுதிப்போடுவது

முதியோர் உதவித்தொகையைத் தருவது வருவாய்த் துறை; பராமரிப்புத் தொகையைத் தருவது மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. ஒருவர் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. கைக்கு எட்டியது வரட்டும் என்று முதலில் முதியோர் பணத்தை வாங்கிவிட்டவர்கள், பெரிய தொகைக்குத் தகுதி வந்த பிறகு, முதலாவதை நிறுத்திவிட்டதற்கான சான்றைத் தேடிப் பல மாதம் நடந்ததைக் கொருக்குப்பேட்டையில் ஒரு குடும்பத்தில் பார்த்தேன். சதவீதம் 75ஐத் தொடும் என்று தெரிந்தால் பொறுத்திருப்பது நல்லது. தொடாது என்று உறுதியாகத் தெரிந்தால் முதியோர் பணத்துக்கு இன்றே எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் ஒன்று உண்டு. அம்மாவுக்கு உதவித்தொகை வந்தால் தன்னுடைய மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று விண்ணப்பிக்காமலே இருக்கும் பெண்களைப் பார்க்கிறேன். முதியோர், மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை பெறுவோரின் குடும்பத்தில் உள்ள தகுதியுள்ள பெண்களும் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஆகஸ்டிலேயே அரசு அறிவித்துவிட்டது.

இடைத்தரகர்

வேண்டாம்.

திருவள்ளூரா, சென்னையா?

இது வடசென்னைக்கே உரிய தலைவலி. திருவொற்றியூரும் மாதவரமும் 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தன. அந்தப் பகுதியில் நெடுநாள் வாழ்ந்த முதியவரின் பழைய ஆவணத்தில் திருவள்ளூர் மாவட்டம் என்றும், புதுப்பித்த ஆதாரில் சென்னை மாவட்டம் என்றும் இருக்கும்; வீடு மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது. காலடிப்பேட்டையைச் சேர்ந்த ஒரு முதியவரின் மனு இதற்காகவே இரண்டு முறை திரும்பியது. விண்ணப்பிக்குமுன் எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி, பெயரின் எழுத்து, பிறந்த ஆண்டு, மாவட்டம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியும் சிக்கினால், ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

படுத்திருப்பவரை வங்கிக்குத் தூக்கிப்போவது

பணம் முதியவரின் கணக்குக்குத்தான் வரும், பார்த்துக்கொள்பவரின் கணக்குக்கு அன்று. ஒரு வங்கிக் கிளையில், கைரேகை வைக்க ஆளை நேரில் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று சொன்னதால், அம்மாவை நாற்காலியோடு தூக்கி மூன்று சக்கர வண்டியில் வைத்துக் கொண்டுபோனோம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அடிப்படைச் சேவைகளை வீட்டு வாசலிலேயே செய்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது எங்களுக்குத் தெரியாது. எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள்.

இறந்த பிறகும் பணத்தை எடுப்பது

கூடாது. இறப்புச் சான்று கிடைத்த வாரத்திலேயே துறைக்குத் தெரிவித்துவிடுங்கள்.

எழுதி வைக்காமல் இருப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எத்தனை முறை புரட்டிப் படுக்க வைத்தோம், யார் ஊட்டினார்கள், இரவில் எத்தனை முறை எழுந்தோம், படுக்கைப்புண் எப்படி இருக்கிறது என்று நாளுக்கு நான்கு வரி எழுதி வந்தேன். உயர் ஆதரவு தேவை என்று மதிப்பிடக் கேட்கும்போது, "ரொம்பக் கஷ்டப்படுறோம்" என்று சொல்வதைவிட இந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். உடன்பிறந்தவர்களிடமும் அதே நோட்டுதான் பேசியது. 2,000 ரூபாய் வருகிறதே என்று தான் அனுப்பும் பணத்தைக் குறைக்க நினைத்த என் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் புரட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான்.

அந்தத் தம்பி வழியாகத்தான் நாங்கள் கவனிக்காமல் விட்ட இன்னொரு பணமும் தெரிய வந்தது. மணலியில் சம்பள வேலையில் இருக்கும் அவன், அம்மாவின் செலவில் பெரும்பங்கைத் தாங்கியதால், வருமான வரியின் பழைய முறையில், தன்னைச் சார்ந்திருக்கும் ஊனமுற்ற பெற்றோருக்காக 75,000 ரூபாயை வருமானத்திலிருந்து கழித்துக்காட்ட முடிந்தது. ஊனம் 80 சதவீதத்தை எட்டினால் அது 1,25,000 ரூபாய். கணக்காளர்கள் இதை 80டிடி என்பார்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது இல்லை. 20 சதவீத வரி கட்டுபவருக்கு இதனால் ஆண்டுக்குச் சுமார் 15,000 ரூபாய் மிஞ்சும். பராமரிப்பவருக்கு வரும் தொகை என்று இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் 60 சதவீதச் சான்று கையில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளிலும்கூட 40 சதவீதத்துக்கு மேல் என்பதால் இது எங்களுக்கு உரியதாகவே இருந்திருக்கிறது. கேட்டு வாங்கிய முதல் ஆண்டில், அவன் மிச்சப்பட்ட பணத்தைக் கொண்டுவந்து அம்மாவுக்குக் காற்று மெத்தை வாங்கிப் போட்டான்.