ஃப்ளோரைட் கல் சில்லு பெயராமல் மெருகேறியது எப்படி

ஊதாவும் பச்சையும் வரிவரியாக ஓடிய ஃப்ளோரைட் கற்களை அகேட் கற்களோடு சேர்த்து, கல்லை உருட்டி மெருகேற்றும் இயந்திரத்தின் ஒரே டிரம்மில் போட்டு ஒரு வாரம் உருட்டினேன். திறந்தால், விளிம்பெல்லாம் சில்லுசில்லாகப் பெயர்ந்து, மேலே வெள்ளைப் புள்ளிகள். மனசே விட்டுப்போனது. கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் அகேட் 7க்குப் பக்கம், ஃப்ளோரைட் வெறும் 4. போதாததற்கு டிரம்மும் பாதிதான் நிறைந்திருந்தது. கற்கள் மெல்லச் சரியாமல் விழுந்து மோதியிருக்கின்றன.

அடுத்த முறை ஃப்ளோரைட் மட்டும். டிரம் முக்கால்வாசி நிறையும்வரை பிளாஸ்டிக் குருணை சேர்த்தேன். கல்லைத் தேய்க்கும் சிலிக்கான் கார்பைடு தூளில், கரடுமுரடான 80 நம்பரைத் தொடவே இல்லை. நேரே அதைவிட நைசான 220, அப்புறம் 500, கடைசியில் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு தூள். தினமும் ஒரு கல்லைக் கழுவி, காயவிட்டுப் பார்த்தேன். ஈரத்தில் எந்தக் கல்லும் பளபளக்கும், அதை நம்பக் கூடாது. இப்போது வெளிச்சத்தில் பிடித்தால் ஊதா வரி கல்லின் அடிவரை தெரிகிறது.